சீட்டக்கா பார்த்து வைத்த இடங்கள்

சீட்டக்காவிடமிருந்து இடம் பார்க்கும் வேலையைப் பிடுங்க வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். அதனால் அவரைப் பற்றி எழுதும் வேலையும் என் தலையில் விழுவதுதான் நியாயம். வேறு யாராவது எழுதினால் போனால் போகிறதென்று என்னை நல்லவனாகக் காட்டிவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பது பேர், சாலைப் பைத்தியங்கள். வண்டிப் பைத்தியங்கள் வேறு ஜாதி. அவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒரு வளைவில் தார் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, புதிய சாலை பழைய சாலையை விட்டு எந்த இடத்தில் ஏன் விலகிப் போனது, ஒரே ஊருக்கு இரண்டு மைல்கற்கள் ஏன் வெவ்வேறு தூரம் சொல்கின்றன, இதெல்லாம்தான் எங்கள் கவலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சாலையோரத்தில் கூடி, சாலையைப் பார்த்தபடியே இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். "ரோட்டப் பாக்கறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு செயலாளர் வேற," என்பாள் என் மனைவி. அந்தச் செயலாளர் நான்.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடியே இருபத்து மூன்று வருடத்தை ஓட்டியாயிற்று. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். சங்கத்தில் என் பட்டப்பெயரே இரண்டாவது பிரேக்தான். யார் எதைச் சொன்னாலும் நான் உடனே ஒரு மிதி மிதித்துவிடுவேனாம்.

சீட்டக்காவுக்குப் பெயர் தொழிலால் வந்தது. பேருந்துகளுக்கும் கார்களுக்கும் இருக்கை தைப்பவர். நீளமான ஒரு தகரக் கொட்டகையில் பாதி அவருடையது. ரெக்சின் சுருள்கள் சுவரோரம் ஆளுயரத்துக்கு நிற்கும். தரையெல்லாம் ஸ்பாஞ்ச் துணுக்குகள் கிடந்து செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். மறுபாதி அவர் கணவருடையது. அவர் டிங்கரிங் மேஸ்திரி, அதாவது மோதி நசுங்கி வரும் வண்டிகளின் தகரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிறவர். இந்தப் பக்கம் தையல் மெஷின், அந்தப் பக்கம் சுத்தியல், நடுவில் சுவர் கிடையாது. முப்பத்தோரு வருடமாக இப்படித்தான். "அடிபட்ட வண்டிக்கு வெளிப்பக்கம் அவரு, உள்பக்கம் நானு," என்பார் அக்கா.

நான் அவரை முதலில் பார்த்தது என் பயிற்சிக் காருக்கு சீட்டு மாற்றப் போனபோது. பழைய சீட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, மேலே உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தினமும் ஏதோ ஒரு ரவுண்டானாவையே சுத்திச் சுத்தி வர்றீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய ரவுண்டானாவில்தான் நான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"சீட்டுதான் சொல்லுது. உக்காந்தவங்க அத்தனை பேரும் ஒரே பக்கமா சாஞ்சிருக்காங்க. பயந்துபோய் இந்த ஓரத்தைப் பிடிச்சிருக்காங்க பாருங்க, நகக்குறி இருக்கு. நீங்க ரொம்பக் கத்துவீங்களோ?"

அடுத்த மாதமே அவரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால் மேஸ்திரி எனக்கு மாமா ஆனார். அவரும் ஆட்சேபிக்காமல் என்னை மாப்ள என்றார். ஆனால் மேஸ்திரிக்குச் சாலையில் பைசாவுக்கு அக்கறை கிடையாது. கூட்டத்துக்கு அக்காவோடு வருவார், கடைசியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பார், அவ்வளவுதான்.

அதுவரை இடம் பார்த்தது நான். ஒரு ஹோட்டல் மாடியைப் பிடித்தேன். கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டியிருந்ததால் சாலை தெரியவில்லை. ஒரு பெட்ரோல் பங்க் பின்புறத்தைப் பிடித்தேன். பத்தே நிமிடத்தில் விரட்டிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் நிழல் பதினோரு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டது, எங்கள் சங்கத்துப் பல் டாக்டருக்கு மயக்கம் வந்தது. என் தேர்வுகளைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை. "அடுத்த இடத்தை நான் பாக்கறேனே," என்றார் சீட்டக்கா. விட்டது சனி என்று ஒப்படைத்தேன்.

அவர் பார்த்து வைத்த முதல் இடம் ஒரு பழைய எடை மேடை. லாரிகளை நிறுத்தி எடை பார்த்த காலம் போய், அறையின் கதவுகூடக் காணாமல் போயிருந்தது. அதன் பின்பக்கச் சிமெண்டுத் திண்டில் போய் உட்கார்ந்தோம். எதிரே மேட்டில் நாலு வழிச் சாலை ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, அதற்கு முன்னால் இருந்த ஒற்றைத் தார்ச்சாலை, நடுக்கோடு இன்னும் அழியாமல், ஒரு புதருக்குள் போய் நின்றது. அதற்கும் கீழே, தார் வருவதற்கு முன்னால் யாரோ கட்டிய கல்பாலம். வண்டிச் சக்கரங்கள் தேய்த்த இரண்டு பள்ளங்கள் கல்லில் அப்படியே இருந்தன. ஒரே ஓடையை மூன்று காலத்து மனிதர்கள் மூன்று உயரத்தில் தாண்டியிருந்தார்கள். கழுத்தைத் திருப்பாமல் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க, அந்தப் பக்கத்திலேயே அந்தத் திண்டு ஒன்றுதான் இருந்தது. அந்தச் சாலையில் நான் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். கீழே இரண்டு சாலைகள் கிடப்பது எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களிடம் தூசி என்றேன்.

அவர் எப்படி இடம் பார்க்கிறார் என்பது போகப்போகத் தெரிந்தது. மூன்று விதி வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பாமல் சாலை தெரிய வேண்டும். எங்களில் வண்டி இல்லாத ஒரே ஆளான கணக்கு டீச்சர் ஒரே பஸ்ஸில் வந்து சேர முடிய வேண்டும். மூன்றாவது விதிக்குப் பேப்பர் டெஸ்ட் என்று பெயர். கூட்டம் நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்துக்கு அங்கே போய் ஒரு மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மேஸ்திரி பத்து எட்டு, அதாவது பத்துக் காலடி, தள்ளி நிற்பார். அக்கா செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, சாதாரணக் குரலில் ஒரு செய்தியை வாசிப்பார். மேஸ்திரி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இடம் தேறிவிட்டது. இல்லையென்றால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சாலையை விட்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வாசிப்பார்.

"முகத்தை எதுக்கு மறைக்கறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கூட்டத்துல யாராச்சும் பேசறவங்க முகத்தைப் பாக்கறீங்களா? ஒன்பது பேரும் ரோட்டைத்தானே பாத்துட்டு இருக்கீங்க. முகத்தைப் பாக்காமயே காதுல விழணும். அதான் டெஸ்ட்டு."

இப்படி யோசிக்கிற ஒரு ஆளை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை. இருக்கை தைக்கிறவர் அல்லவா, உட்கார்பவருக்கு என்னென்ன வரும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார். ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் செய்தி, எத்தனை வரி, எத்தனை தடவை பின்னால் நகர்ந்தோம் என்று எழுதி வைப்பார். அவர் பார்த்து வைத்த இடங்களில் நாங்கள் கண்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெறும் கையால் பிடித்து இழுத்ததுபோல ஒரு மலைவளைவு முழுசாக விரிந்து கிடப்பதைப் பார்த்தோம். வெள்ளம் ஒரு சாலையைப் பாதியாக அறுத்துவிட்டதில், உள்ளே ஏழு அடுக்குத் தார் ஏழு தலைமுறையாகப் படிந்திருப்பதைப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் வாயடைத்துத்தான் வீடு திரும்புவேன்.

எல்லாம் முதல் ஐந்தாறு வருடம். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், சாலை எங்களை விட்டு விலகிப்போக ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு பல் டாக்டர் பைனாகுலர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். பதினோராவது வருடத்தில் ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார் அக்கா; நாலு வழிச் சாலை தூரத்தில் ஒரு நூலாகத் தெரிந்தது. அதில் போன லாரிகள் எறும்பு அளவுக்கு இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அடுத்த மாசம் வீட்டுலயே உக்காந்து மேப்பைப் பாத்துக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"எல்லா இடத்துலயும் சத்தம் கூடிப்போச்சு தம்பி. பேப்பர் டெஸ்ட்டுல தேறல. நான் என்ன பண்ணட்டும்?"

அன்று வீட்டுக்குப் போனதும் சங்கத்தின் பதிவேட்டை எடுத்தேன். சாலை ஓரத்திலிருந்து நாங்கள் உட்கார்ந்த இடம் எத்தனை காலடி என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதி வைப்பது என் வழக்கம். எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஆரம்பித்து, நாற்பது, நூற்றுப்பத்து என்று போய், கடைசியில் நானூற்று இருபதில் நின்றது. அதைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். எட்டு வைத்து ஏறிப்போகும் ஒரு சரிவு மாதிரி அழகாக வந்தது. எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

அடுத்து வருவது ஆண்டுக் கூட்டம். அந்த இடமும் இப்படியே அமைந்தால் இடம் பார்க்கும் வேலையைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். யாரும் மறுக்கவில்லை. அக்கா மட்டும் எனக்குப் போன் செய்தார்.

"என்மேல நம்பிக்கை இல்லேன்னா, டெஸ்ட்டுக்குக் கூட வந்து பாருங்க. வந்து பாத்துட்டு அப்புறம் வேலையை எடுத்துக்கோங்க."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் ஒவ்வொரு மாதமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை, ஒன்று இடம் பார்க்க, ஒன்று கூட்டத்துக்கு என்று எங்களுக்காகவே கழித்தவர் அவர். அந்த வேலை போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நான் யோசிக்கவே இல்லை. இழப்பு அவருக்கு மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, மேஸ்திரி, நான் மூவரும் போனோம். அவர் பிடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் என் கடிதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. புறவழிச்சாலை ஒரு பாறையைச் சுற்றி வளைகிற இடம். வளைவின் உள்பக்கத்தில், சாலையிலிருந்து இருபதே எட்டில், சமதளமாக ஒரு பாறைத்தட்டு. அதில் உட்கார்ந்தால் வருகிற வண்டியும் போகிற வண்டியும் நம்மை மையமாக வைத்துச் சுழல்வது போல இருந்தது. இதைவிட்டு எதற்கு வெட்டவெளிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தார். மேஸ்திரி பத்து எட்டு தள்ளிப்போய் நின்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஒரு நகராட்சிப் பூங்காவில் இரண்டு ஊஞ்சல்கள் பழுதானது பற்றிய செய்தி. லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேக்கல," என்றார் மேஸ்திரி.

அக்கா மறுபடி வாசித்தார். கொஞ்சம் உரக்கவே.

"கேக்கலம்மா."

நான் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நன்றாகக் கேட்கிறதே என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா நோட்டில் குறித்துக்கொண்டு, ஸ்டூலை மடக்கித் தூக்கிப் பின்னால் நடந்தார்.

"சொல்லிடாத மாப்ள," என்றார் மேஸ்திரி.

"எத்தனை நாளா மாமா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளா. வருஷக்கணக்கா. தகரம் தட்டின காதுதானே. அவ பேப்பரைக் கீழ எறக்கினா எனக்கு எல்லாம் கேக்கும்."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"கொட்டகையில யாருக்குக் காது கேட்டுது? அங்க எப்பவும் மூஞ்சியப் பாத்துத்தான் பேச்சு. வீட்டுலயும் அதே பழக்கம். அவளுக்கு வித்தியாசம் தெரியல." பின்னால் போய்க்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். "எனக்கு ரோடும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. இந்தக் காதை நம்பித்தான் என்னைக் கூட்டிக்கிட்டு வர்றா. இது போச்சுன்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போவா. போகத்தானே வேணும்? வேலைன்னா வேலை."

கேட்கிறது என்று பொய் சொல்லிவிடவும் வழியில்லை. திருப்பிச் சொல்ல வேண்டுமே. அதனால் அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் நின்று, கேட்கவில்லை என்ற உண்மையை மட்டும் சொல்லி, அதன் காரணத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் காது ஒரு அடி பின்வாங்கினால் எங்கள் சங்கமே ஒரு அடி பின்வாங்கியிருக்கிறது. ஒன்பது பேர் பைனாகுலரோடு அவர் காதின் பின்னாலேயே நடந்து வெட்டவெளி வரைக்கும் போயிருக்கிறோம்.

அன்று நான்கு இடம் நகர்ந்தும் தேறவில்லை. அதற்குப் பின்னால் ஒரு மதில் குறுக்கே வந்துவிட்டது. அக்கா மதிலில் சாய்ந்து நின்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்குக் கேட்டுதா தம்பி?"

மேஸ்திரி அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லாரிச் சத்தத்துல சரியா விழலக்கா," என்றேன்.

அக்கா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "ஏதோ படம் வரைஞ்சிருக்கேன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்களே, அதைக் குடுங்க," என்றார். தர முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தூரத்தை மட்டும் காட்டும் படம்தானே, அதில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவர் யார் என்பதையே மறந்துவிட்டேன். ஒரு சீட்டைத் தடவிப் பார்த்து என் ரவுண்டானாவைக் கண்டுபிடித்தவர் அவர்.

மூன்றாம் நாள் கொட்டகைக்கு வரச் சொன்னார். என் படம் வெட்டுமேஜையில் விரித்திருந்தது. பறக்காமலிருக்க ஒரு மூலையில் கத்தரிக்கோல், இன்னொரு மூலையில் அவருடைய நோட்டு. அந்தப் பக்கம் மேஸ்திரி ஒரு வேனின் கதவைக் கழற்றிப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எத்தனை ரோடு?" என்று புள்ளிகளைக் காட்டிக் கேட்டார்.

"நூத்திப் பதினேழு கூட்டம். நூறு ரோடாவது இருக்கும்."

"நூறு ரோட்டுலயும் சத்தம் ஒரே மாதிரியாவா கூடும்? மலைப்பாதையில எப்படி இவ்வளவு கூடும்? ஓரத்துல கெடக்கற ரோட்டுல எப்படிக் கூடும்?" விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். "சீட்டு இப்படித்தான் தம்பி அமுங்கும். ஒரே நாள்ல அமுங்காது. தினம் ஒரு நூல் அளவுதான். உக்கார்றவனுக்குத் தெரியாது, பக்கத்துல உக்கார்றவனுக்கும் தெரியாது. ரோடு மாறிக்கிட்டே இருந்திருக்கு. மாறாம நின்ன ஆள் ஒருத்தர்தான்."

அக்கா தன் நோட்டின்மேல் கையை வைத்தார்.

"நான் ரோட்டை அளக்கறேன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா அவர் காதைத்தான் அளந்திருக்கேன். தேதி போட்டு, என் கையாலயே எழுதி வெச்சிருக்கேன். கூடவே குடியிருந்தும் தெரியல எனக்கு."

மேஸ்திரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். இத்தனையும் அவருக்குப் பத்தடி பின்னால் உரக்கவே நடந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை; வழிந்து தாளில் விழப்போனதும் படத்தை மட்டும் நகர்த்தி வைத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் கிடந்த ஸ்பாஞ்ச் துணுக்குகளைப் பொறுக்கினேன்.

"நீங்க அன்னிக்குப் பொய் சொன்னீங்க," என்றார்.

"ஆமாக்கா."

"பரவால்ல. ஆனா உங்களுக்குப் பொய் வரல."

சுத்தியல் நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கதவின்மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் கை நின்றது. அங்கே எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் அந்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு தட்டு தட்டி, மறுபடி கையை ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்புகிறேன் என்று சொன்னதுகூட அவருக்கு விழவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் எழுதி அனுப்பிய இடத்தைப் படித்ததும் பல் டாக்டர் எனக்குப் போன் செய்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆற்றைத் தாண்டும் பெரிய பாலம், அதன் கரையோர முனை, அடிப்பக்கம் என்று இருந்தது. எங்கள் வட்டாரத்தில் இருக்கும் இடங்களிலேயே சத்தம் மிகுந்தது அதுதான். அடியில் உட்கார்ந்தால் சாலை தெரியவும் தெரியாது. முதல் விதியும் மூன்றாவது விதியும் ஒரே நேரத்தில் காற்றில் பறந்துவிட்டன. பஸ் விதி மட்டும் மிஞ்சியிருந்தது.

பாலம் வந்து கரையில் உட்காரும் இடத்தில், கல் பதித்த சரிவு ஒன்று மேலே ஏறிப் பாலத்தின் அடிவயிற்றில் போய் முட்டுகிறது. நாங்கள் படியேறி மேலே போனபோது சரிவில், மேஸ்திரிக்கும் சேர்த்து, பத்து இருக்கைகள் வரிசையாக இருந்தன. ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் மெலிந்து, சரிவின் கோணத்துக்குச் சரியாக அளந்து தைத்த மெத்தைகள். உட்கார்ந்தால் சமதளத்தில் உட்கார்ந்ததுபோலவே இருந்தது. கல்லின் சரிவு ஒரே சீராக இல்லாததால் பத்தும் பத்து அளவு. தலைக்கு மேலே, கையை உயர்த்தினால் தொடும் தூரத்தில், பாலத்தின் கான்கிரீட் உத்தரம். அதற்கு மேலே நெடுஞ்சாலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கணக்கு டீச்சர் என் காதில் வாயை வைத்துக் கத்தியதும் கேட்கவில்லை.

அக்கா ஒரு சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்குப் பேச வேண்டாம். எல்லாரும் கையை மேல வைங்க. கண்ணை மூடிக்கோங்க."

வைத்தேன். உத்தரம் குளிர்ந்திருந்தது. முதலில் வெறும் அதிர்வுதான். பிறகு ஒரு கனமான வண்டி வந்தது. தூரத்தில், ஆற்றின் நடுவில் எங்கோ, அது பாலத்தில் ஏறியதே என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. வர வர அதிர்வு தடித்தது. பாலத்தின் முனையில் இரண்டு பாகங்கள் சேரும் இரும்புப் பட்டையின்மேல் முன்சக்கரம் ஏறிய அடி கை வழியாகத் தோளுக்கு இறங்கியது. அப்புறம் பின்சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. வண்டி கரைக்குப் போனதும் அத்தனை பெரிய பாலம் மூச்சு விட்டுத் தளர்ந்ததை நான் கையால் உணர்ந்தேன். இருபத்து மூன்று வருடம் சாலையில் பிழைத்தவன், பதினோரு வருடம் சாலையை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தவன், அதுவரை ஒரு சாலையைத் தொட்டதே இல்லை. அது உயிரோடு இருந்தது. எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது மேஸ்திரி முதல்முறையாகக் கடைசியில் இல்லாமல் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி ஒரு கையை மேலே வைத்தபடி மற்றொரு கையால் விரல் காட்டிக்கொண்டிருந்தார். எத்தனை சக்கரம் என்று விரல். முஷ்டி என்றால் பாரம், விரித்த கை என்றால் காலி. கணக்கு டீச்சர் ஒவ்வொன்றையும் சிலேட்டில் எழுதி மேலே காட்டினார். பல் டாக்டர் நம்பாமல் படியேறிச் சாலை விளிம்புக்குப் போய், கைக்குட்டையை ஆட்டிச் சரி, சரி என்று மேலிருந்து காட்டினார். பத்து சக்கரம், காலி. ஆறு சக்கரம், பாரம். தண்ணீர் டேங்கர் ஒன்று வந்தபோது மேஸ்திரி முஷ்டியை மூடி, அதைக் குலுக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர் தளும்புகிறதாம். பாதிதான் நிரம்பியிருக்கிறதாம்.

பதினேழில் ஒன்று மட்டும் தவறியது. மேஸ்திரி காலி என்றது, கூரை முட்ட ஏற்றிய லாரி. எல்லாம் ஸ்பாஞ்ச் என்று பல் டாக்டர் இறங்கி வந்து சிலேட்டில் எழுதினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் அத்தனை பேரும் அந்த உத்தரத்தை வெறும் கல்லாகத் தடவிக்கொண்டிருக்க, அந்த மனிதர் ஒருவர்தான் அதைப் படித்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் பதினோரு வருடத்தில் யாரைப் பார்த்தும் நான் அப்படி வியந்ததில்லை.

நடுவில் யாரோ என் கடிதத்துத் தீர்மானத்தை நினைவுபடுத்தி, சிலேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு என்னிடம் நீட்டினார்கள். என் உள்ளங்கையாலேயே அழித்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் மேஸ்திரி டாக்டரிடம் போய்க் காதில் ஒரு கருவியும் மாட்டிக்கொண்டார். கடைத்தெருவுக்குப் போக மாட்டுவார். பாலத்துக்கு அடியில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இப்போது இடம் பார்க்க இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். மேஸ்திரி கையை வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் நோட்டில் ஏறும்.

அன்று கூட்டம் முடிந்து ஆற்றங்கரைப் பாதையில் வெகுதூரம் நடந்த பிறகுதான் காதில் பேச்சு விழுந்தது. மேஸ்திரி மெத்தைகளை அடுக்கித் தோளில் சுமந்துகொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஏதோ கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடினார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"ஏங்கா, இந்த இடத்துக்குப் பேப்பர் டெஸ்ட் வெச்சீங்களா?"

"வெக்காம இருப்பேனா?"

"அங்க எப்படித் தேறும்?"

"இந்தத் தடவை மாத்தி வெச்சேன். ஸ்டூல்ல அவரை உக்கார வெச்சுப் பேப்பரை அவர் கையில குடுத்தேன். கைக்கு வந்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. ஒண்ணும் சொல்லாம முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு வாசிச்சாரு. நான் போயி அவர் நிக்கற எடத்துல, பத்து எட்டு தள்ளி நின்னேன்."

"என்ன கேட்டுது?"

"எனக்கும் ஒண்ணுமே கேக்கல தம்பி. அப்பத்தான் இந்த இடம் போதும்னு எழுதிக்கிட்டேன்."

நான் பதிவேட்டை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.